நாற்பத்தொரு யூனிட்

முப்பத்துநான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார ரீடிங் எடுத்த ஒருவரை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்? மீட்டர்காரர் என்றுதான் கூப்பிட்டது. அம்மா ஆசையாக வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் எழுப்பியதில்லை.

மீட்டர்காரருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. அது அவருடைய குற்றமில்லை, உத்தியோகம் அப்படி. "நாங்க ரெண்டு மாசமா ஊர்லயே இல்லைங்க" என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்யும்போது, அவர் தலைக்கு மேலே மீட்டர் முந்நூறு யூனிட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும். மருமகள் வந்த வீட்டில் மாதம் இருபது யூனிட் ஏறும். மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்தினால் நாற்பது ஏறும், ஏனென்றால் தனித்தனி டிவி. யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள், எந்த வாத்தியார் டியூஷன் எடுக்கிறார், எந்தக் கடைக்காரர் பின்பக்கம் இன்னொரு கடை நடத்துகிறார் என்பதெல்லாம் போலீசுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். ஆனால் வெளியே சொல்ல மாட்டார். குறிப்பேட்டில் எண்ணை எழுதி, கீழே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கல்யாணத்தன்றுகூட மண்டபத்து மீட்டரை ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அவர் மறுத்ததில்லை.

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மாடி கட்டினார். மாடிக்குத் தனி மீட்டர் வந்தது. கீழ்வீட்டுப் பழைய மீட்டரையும் அதோடு மாற்றிவிட்டார்கள், மாடிப்படிக்கு அடியில் இரண்டு புது மீட்டர்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. எலெக்ட்ரீஷியன் போகும்போது பெட்டிகளின் மேல் சாக்குக்கட்டியால் 'மேல்', 'கீழ்' என்று கிறுக்கிவிட்டுப் போனான். எலெக்ட்ரீஷியன் எழுத்தை நம்பி ஒரு குடும்பம் வாழ முடியுமா? மீட்டர்காரர் ஈரத்துணியால் அதைத் துடைத்தார். சிவப்புப் பெயின்ட் வாங்கிவந்து, இடது பெட்டியில் 'கீழ்' என்றும் வலது பெட்டியில் 'மேல்' என்றும் தானே எழுதினார். இந்த ஊரில் எந்த மாடி வீட்டிலும் கீழ்வீடு இடது பக்கம், மேல்வீடு வலது பக்கம். முப்பத்துநான்கு வருட அனுபவம். இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்?

மாடிக்கு வாடகைக்கு வந்தவர் வெளிநாட்டுக்காரர்.

"ரிட்டையர்டு ஆளுங்க. தனியாள். குடி கிடையாது, கூட்டம் கிடையாது. கடைசிக் காலத்தை இங்க கழிக்கலாம்னு வந்திருக்கார்" என்றார் புரோக்கர்.

"அந்த ஊர்ல என்ன குறைச்சல்?"

"நம்ம ஊரு அவருக்குப் பிடிச்சிருக்காம்."

மீட்டர்காரருக்குப் பொறி தட்டியது அந்த இடத்தில்தான். மழை பெய்தால் கரண்ட் போகும், கரண்ட் வந்தால் தண்ணீர் போகும் தேசம் இது. இங்கிருந்து வெளியே போவதற்கு ஜனங்கள் விடியற்காலையில் இருந்து வரிசையில் நின்றதை அவர் பார்த்திருக்கிறார். அவருடைய மகளும் மாப்பிள்ளையும் அப்படி வரிசையில் நின்று போனவர்கள்தான். எல்லோரும் இறங்குகிற படியில் ஒருவன் ஏறி வந்தால், ஒன்று அவன் எதையோ தேடி வருகிறான், இல்லை எதற்கோ பயந்து வருகிறான்.

வந்த மாடிக்காரர் நெட்டையாக, ஒல்லியாக, கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டையோடு இருந்தார். செருப்புக்குள் சாக்ஸ் போட்டிருந்தார். அதைவிட மோசம், நம் பாஷை பேசினார். புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகப் படித்ததாம்.

"வணக்கம் ஐயா. தங்கள் இல்லத்தில் வசிப்பது என் பாக்கியம்" என்றார் முதல் நாளே.

ரேடியோவில் செய்தி வாசிக்கிறவனைத் தவிர யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். செய்தி வாசிக்கிறவன் சொல்வதையே மீட்டர்காரர் பாதிதான் நம்புவார்.

பதினான்கு மாதம் ஓடியது. 'மேல்' என்று எழுதியிருந்த மீட்டர் மாதம் இருநூற்றுப்பத்து யூனிட் காட்டியது. ஒற்றை ஆள், இருநூற்றுப்பத்து யூனிட். 'கீழ்' மீட்டரோ நாற்பத்தொன்று. மாடி கட்டுவதற்கு முன்பு இதே வீடு மாதம் நூறு தாண்டும். இப்போது நாற்பத்தொன்று. காரணம் மீட்டர்காரருக்குத் தெரியும். ஒன்று, ஓய்வுபெற்ற பிறகு அவர் வீட்டில் கொண்டுவந்த ஒழுங்கு: ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது, ராத்திரி ஃபிரிட்ஜ் தூங்க வேண்டும். இரண்டு, மாடியின் நிழல். மதியம் வீட்டுக்குள் நுழைந்தால் முன்னறை ஜில்லென்று இருந்தது. "பார்த்தியா, மாடி கட்டினதுல கீழ எவ்ளோ குளிர்ச்சி" என்று மனைவியிடம் சொல்வார்.

"ஆமாங்க, நல்ல நிழல்" என்பாள் அவள்.

முன்னறையில் ஒரு ஏசியும் இருந்தது. மாப்பிள்ளை வந்தால் போடுவதற்கென்று வாங்கியது. மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. அதற்கு உறை தைத்துப் போட்டு, கயிற்றால் கட்டி, வாரியத்தில் கற்றுக்கொண்ட மூன்று சுற்று முடிச்சு ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். வாரம் ஒருமுறை முடிச்சைச் சரிபார்ப்பார். முடிச்சு எப்போதும் சரியாகவே இருந்தது.

தினமும் பத்து மணிக்கு அவர் பூங்கா பெஞ்சுக்குப் போவார். அங்கே ஓய்வுபெற்றவர்கள் கூடி நாட்டை நிர்வாகம் செய்வார்கள். பக்கத்தில் உட்காருகிறவர் பழைய பஸ் கண்டக்டர். இவருக்கு மீட்டர் எப்படியோ அவருக்குப் பயணிகள் அப்படி. டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பார்.

"என் வீட்ல மாசம் நாப்பத்தொரு யூனிட்" என்று மீட்டர்காரர் அங்கே வாரம் இருமுறையாவது சொல்வார். பெஞ்சு எழுந்து நின்று மரியாதை செய்யாத குறை. இந்த எண்ணால் அவருக்கு நடு இடம் கிடைத்திருந்தது, முதுகு சாய்வதற்குப் பலகை உள்ள இடம்.

"உன் மாடிக்காரன் இருநூத்திப்பத்துக்கு என்ன பண்றான்?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார்.

"அதான் புரியல. பகல்லதான் ஏறுது. நான் பத்து மணிக்கு ரீடிங் பார்த்துட்டு வரேன், ஒன்றரைக்குப் போய்ப் பார்த்தா நாலு யூனிட், அஞ்சு யூனிட் ஏறியிருக்கு. ஆனா அந்த நேரத்துல அந்த ஆளு வீட்லயே இல்ல. வாக்கிங் போறேன்னு தொப்பியைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடறான்."

"ஆள் இல்லாத நேரத்துல ஓடுதா? அப்போ மெஷின்யா."

"என்ன மெஷின்?"

"கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் காசு தோண்டறாங்களாமே. இல்லாட்டி நோட்டு அடிக்கிற மெஷின். நோட்டுன்னா சத்தம் வரும். சத்தம் வருதா?"

"வரல."

"அப்போ தோண்டறதுதான்."

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த மீட்டர்காரர், கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்தார். மாடிக்காரர் படிக்கடியில் குனிந்து, மீட்டரைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மீட்டர்காரருக்கு ரத்தம் கொதித்தது. யூனிபார்ம் இல்லை, அடையாள அட்டை இல்லை, ரீடிங் எடுக்கிறான். உள்ளே சுத்தமாக இருக்கிற மனுஷன் மீட்டரை எதற்குப் பார்க்க வேண்டும்?

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை மாடிக்காரர் ஒரு படிவத்தோடு கீழே வந்தார்.

"ஐயா, தங்களிடம் ஒரு விண்ணப்பம். என் தங்கும் அனுமதி வெள்ளிக்கிழமையுடன் நிறைவுறுகிறது. வீட்டு உரிமையாளரின் நன்னடத்தைக் கடிதம் வேண்டும். அது இல்லையெனில் நான் பதினைந்து நாட்களில் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும்."

"அதுக்கென்ன, உங்க ஊர்தானே."

"அங்கே எனக்கு இல்லம் இல்லை ஐயா. விற்றுவிட்டேன். மனைவியும் இல்லை."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மீட்டர்காரர். சரிபார்க்காத ஒரு காகிதத்தில் அவர் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

மாடிக்காரர் படியேறினதும் மனைவி வந்தாள். "ஏங்க, போட்டுக் குடுங்களேன். பாவம், வாயில்லாத மனுஷன். வயசான காலத்துல எங்க போவார்?"

"பாவம்னு சொல்றவங்க வீட்லதான் முதல்ல திருடு போகும்."

"நம்ம வீட்ல திருட என்னங்க இருக்கு? உறை போட்ட ஏசியா?"

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பிசிறு இருந்தது. மீட்டர்காரர் கவனிக்கவில்லை. அவர் கண்காணித்தது மாடியை.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் யோசித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, அனுமதி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். 'மேற்படி நபர் ஆளில்லாத வேளையில் சந்தேகத்துக்கிடமான முறையில் மின்சாரம் உபயோகிக்கிறார்' என்று ஆரம்பித்து, பதினான்கு மாத ரீடிங்கையும் தேதிவாரியாக இணைத்தார். ஆனால் நேர்மையான மனிதர். கையும் களவுமாகப் பிடிக்காமல் மனுவைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். வழி எளிது. மெஷின் ஓடுகிற நேரத்தில் 'மேல்' மெயின் சுவிட்சை இறக்கினால் மெஷின் நிற்கும். நின்றால் மாடியில் ஏதாவது கூவும், இல்லை அலறும், இல்லை புகையாவது வரும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போலக் கிளம்பினார். மாடிக்காரரும் தொப்பியோடு கிளம்பி எதிர்த்திசையில் போனார். மீட்டர்காரர் தெருமுனையில் பழக்கடைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றார். வாங்காமல் நிற்கிறவரைப் பழக்கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். பதினொரு மணிக்கு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வீட்டுக்குத் திரும்பினார்.

படிக்கடியில் இருட்டு. 'மேல்' மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று கண் சிமிட்டியது. அவ்வளவு வேகமாகச் சிமிட்டினால் உள்ளே பெரிய சாமான் ஓடுகிறது என்று அர்த்தம். "வசமா மாட்டினடா" என்று முணுமுணுத்தபடி மெயின் பக்கம் கையை நீட்டினார். கை ஒரு சட்டைப் பொத்தானில் இடித்தது.

தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலும் செருப்பு. மறு கையில் நோட்டு.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திருடனைப் பிடித்த மகிழ்ச்சி இரண்டு முகத்திலும் சமமாக இருந்தது.

"இங்க என்ன பண்றீங்க?" என்றார் மீட்டர்காரர்.

"தங்களைக் கேட்கவே நான் காத்திருந்தேன் ஐயா" என்றார் மாடிக்காரர். "என் இல்லத்தில் இன்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். விளக்கு இல்லை, விசிறி இல்லை. என் மீட்டர் ஓடுகிறது. இது யார் உபயோகிக்கும் மின்சாரம்?"

"அதத்தான் நானும் பார்க்கப் போறேன்" என்று மீட்டர்காரர் 'மேல்' மெயினை ஓங்கி இறக்கினார்.

மாடியில் எதுவும் கூவவில்லை. கீழே, அவருடைய சொந்த முன்னறைக்குள், ஏதோ ஒன்று நீண்ட பெருமூச்சு விட்டு அடங்கியது. தொடர்ந்து அவர் மனைவியின் குரல்.

"ஐயோ, கரண்ட் போச்சே. அக்கா, அவன் தாலி கட்டப் போற நேரத்துலயா போகணும்?"

"ஃபியூஸா இருக்கும், இரு" என்றது எதிர்வீட்டு டெய்லரம்மாவின் குரல். "உங்க வீட்டுக்காரர் வந்தா சொல்லாத. நாலு நாள் அதையே பேசுவார்."

மீட்டர்காரர் கதவைத் தள்ளினார். உள்ளே மார்கழி மாதம் மாதிரிக் குளிர்ந்தது. டிவிக்கு எதிரே பாயில் இரண்டு பெண்களும் கழுத்து வரை போர்வை போர்த்திப் படுத்திருந்தார்கள். ஏசி உறை நான்காக மடித்து நாற்காலியில் இருந்தது. அதன் மேல் கயிறு, மறுபடி கட்டுவதற்குத் தயாராக.

"முடிச்சு?" என்றார் மீட்டர்காரர். அவருக்கு முதலில் வந்த சொல் அதுதான்.

"மூணு சுத்து, உள்ள ஒரு கொக்கி. நான் டெய்லருங்க" என்றாள் டெய்லரம்மா, எழுந்து உட்காராமலே. "பார்த்த முடிச்சைப் போடத் தெரியாதா?"

மனைவி போர்வையோடு எழுந்து நின்றாள். "மாப்பிள்ளை வர்றப்போ போடலாம்னு ஆறு வருஷமா சொல்றீங்க. மாப்பிள்ளை வந்தா இது ஓடுமான்னு யாராவது பார்க்க வேணாமா? நான் தினமும் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்போ நிழல்?"

"எந்த நிழல்?"

மீட்டர்காரர் படிக்கடிக்குத் திரும்பினார். இறக்கின மெயினை ஏற்றினார். உள்ளே டிவி பாட்டோடு உயிர் பெற்றது. 'மேல்' மீட்டர் சிமிட்டத் தொடங்கியது. 'கீழ்' மெயினை இறக்கினார். உள்ளே டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இன்னொரு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் சாக்குக்கட்டியில் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். அதைத் துடைத்த கை இந்தக் கை.

"உங்க நோட்டைக் காட்டுங்க" என்றார் மெதுவாக.

மாடிக்காரர் கொடுத்தார். பதினான்கு மாதம், ஒரு நாள் விடாமல், காலை பத்து ஐந்து, மதியம் ஒன்று. எண்கள் ஒரே உயரம், பூஜ்யங்கள் ஒரே உருண்டை, அடித்தல் திருத்தல் இல்லை. முப்பத்துநான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமான ரீடிங் புத்தகத்தை மீட்டர்காரர் பார்த்ததில்லை, தன்னுடையது உட்பட. மீட்டர்காரர் பத்துக்குப் போவார், மாடிக்காரர் பத்து ஐந்துக்கு வருவார். இவர் ஒன்றுக்கு வந்து போவார், அவர் ஒன்றரைக்கு வருவார். இரண்டு பேரும் நேரம் தவறாதவர்கள் என்பதால்தான் இத்தனை நாள் மோதிக்கொள்ளவில்லை.

கடைசிப் பத்தியில் ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப இருந்தது: 'உரிமையாளர் வெளியே.'

"தாங்கள் வெளியேறியவுடன் மீட்டர் விரைவாக ஓடும்" என்று மாடிக்காரர் விளக்கினார். "ஆகவே தங்கள் மீது ஐயம் எழக் கூடாது என்றே தாங்கள் வெளியேறுகிறீர்கள் என முடிவு செய்தேன். இங்கு வருவதற்கு முன்பே என்னை எச்சரித்திருந்தார்கள், உரிமையாளர் கம்பி போட்டு நம் மின்சாரத்தை இழுப்பார் என்று."

"நீங்க மெஷின் வெச்சிருக்கீங்கன்னு எனக்குச் சொன்னாங்க."

"என்ன மெஷின்?"

"விடுங்க." மீட்டர்காரர் 'கீழ்' மீட்டரைப் பார்த்தார். அவர் பெஞ்சில் பெருமையடித்த நாற்பத்தொன்று. அது இந்த மனிதருடையது. ஒரு மீட்டரைப் பார்த்து ஒரு வாழ்க்கையைச் சொல்கிறவர் அவர். நாற்பத்தொன்று என்றால் ஒரு விசிறி, ஒரு விளக்கு, காலையில் ஒரு கெட்டில், மாலையில் ஒரு கெட்டில். டிவி இல்லை. ஃபிரிட்ஜ்கூட இல்லை. "மாடில ஹீட்டர் இல்லையா?"

"ஹீட்டரா?" மாடிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். "ஹீட்டருக்குப் பயந்துதானே ஐயா நான் வந்தேன். அங்கே குளிர்காலத்தில் என் ஓய்வூதியம் முழுவதும் ஹீட்டருக்குப் போய்விடும். கடைசி இரண்டு வருடம் ஒரே அறையில், கோட்டு அணிந்து படுத்தேன். இங்கே வெயிலுக்கு மீட்டர் இல்லை."

மீட்டர்காரர் சட்டைப்பையிலிருந்த மனுவை எடுத்து நாலாகக் கிழித்தார். "அந்த ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்?"

"மூன்று மணி. ஆனால் நானும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்." மாடிக்காரர் தன் பையிலிருந்து மூன்று பக்கத்தை எடுத்தார். தலைப்பில் 'உரிமையாளர் மீது புகார்' என்றிருந்தது. கிழிப்பதற்கு முன்னால் மீட்டர்காரர் அதை வாங்கி ஒருமுறை படித்தார். ஒரு தேதி தப்பாக இருந்ததைச் சுட்டிக்காட்டினார். பிறகு கிழித்தார்கள்.

அலுவலகத்துக்குப் பூங்கா வழியாகத்தான் போக வேண்டும். பெஞ்சிலிருந்து கண்டக்டர் கை தட்டிக் கூப்பிட்டார். "என்னய்யா, பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன்."

"யாரு, இவனா?"

"என் வீட்டுக்காரி."

பெஞ்சு மொத்தமும் திரும்பியது. மீட்டர்காரர் ஒளிக்கவில்லை. இருநூற்றுப்பத்து தன்னுடையது, நாற்பத்தொன்று இவருடையது என்று இரண்டே வரியில் சொன்னார்.

கண்டக்டர் யோசித்தார். "அப்போ நாளையிலிருந்து நீ ஓரமா உட்காரு. நடு இடம் அவருக்கு."

அனுமதி அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண்மணி கடிதத்தை வாங்கிப் படித்தார். மீட்டர்காரர் பஸ்ஸிலேயே முழங்காலில் வைத்து எழுதியது. மாடிக்காரர் பதினான்கு மாதமாகக் கூடுதலாகக் கட்டின கரண்ட் பணத்தை வாடகையில் கழித்துக்கொள்வது என்பதையும் பஸ்ஸிலேயே முடித்துவிட்டார்கள்.

"என்ன சார் இது, யூனிட் கணக்கெல்லாம் எழுதியிருக்கீங்க? நல்லவர்னு ஒரு வரி போதுமே."

"நல்லவர்ங்கிறது என் அபிப்பிராயம் மேடம். நாப்பத்தொண்ணுங்கிறது ரீடிங்."

"இவரை எவ்ளோ நாளாத் தெரியும்?"

"பதினாலு மாசமாத் தெரியாது. இன்னிக்குப் பதினொரு மணியிலிருந்து தெரியும்."

பெண்மணி மாடிக்காரரைப் பார்த்தார். "இந்த வீட்லயே இன்னொரு வருஷம் இருக்க உங்களுக்குச் சம்மதமா? உங்க தரப்புல ஏதாவது புகார் உண்டா?"

மாடிக்காரர் மீட்டர்காரரைத் திரும்பிப் பார்த்தார். மீட்டர்காரர் கூரையில் ஓடிய விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது எத்தனை வாட் என்று பார்க்கிறவர் போல. பதினைந்து நாளில் மூட்டை கட்டப் போகிறவர் மாடிக்காரர்தான். ஆனால் நெற்றியில் வியர்வை வந்தது மீட்டர்காரருக்கு.

"இருந்தது" என்றார் மாடிக்காரர். "கிழித்துவிட்டோம்."

முத்திரை விழுந்தது. ஒரு வருடம்.

சாயங்காலம் மீட்டர்காரர் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு, 'மேல்' இருந்த இடத்தில் 'கீழ்', 'கீழ்' இருந்த இடத்தில் 'மேல்' என்று எழுதினார். மாடிக்காரர் டார்ச் அடித்தார். எழுதி முடித்ததும் மாடிக்குப் போய், விளக்கை மூன்று தடவை போட்டு அணைத்து, ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

"சிமிட்டுகிறதா ஐயா?"

"சிமிட்டுது. இன்னொரு தடவை போடுங்க."

மீட்டர்காரருக்கு இதில் வருத்தமில்லை. சந்தோஷம்தான். தன் எழுத்தை இன்னொருவன் அப்படியே நம்பியிருந்தால் அவனை இவர் நம்பியிருக்க மாட்டார்.

முன்னறைக் கதவருகே மனைவி நின்றாள். கையில் மடித்த உறை, கயிறு. "ஏங்க, ஏசியை நிறுத்திட்டு இதைப் போட்டுக் கட்டிடட்டுமா?"

மீட்டர்காரர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

"ஓடட்டும். ரீடிங் எடுக்கணும்."